இரும்புக் கதவும் கவுண்டர் போனும்: பினாங்கு நகைக்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இருக்கும் லெபோ பாசார் தெருவை நம்மவர்கள் இன்றும் கடைத்தெரு என்றே சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவற்றில் ஒன்று, இரண்டு தலைமுறையாக நடக்கும் நகைக்கடை. முதலாளியை நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். நடந்ததை எழுதலாம், கடையின் பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயம்தான்.

2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தக் கடையின் வாட்ஸ்அப் எண்ணை யாரோ கைப்பற்றினார்கள். வாடிக்கையாளர்கள் மூன்று பேர், நகைக்கு மீதிப் பணம் கட்டுவதாக நினைத்து, மொத்தம் 14,600 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) முன்பின் தெரியாத கணக்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தக் கடையிலிருந்து ஒரு கிராம் தங்கம்கூடத் திருடு போனதில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடையும் ஒன்று, முதலாளியும் ஒருவர், கல்லாவும் ஒன்று. தங்கத்துக்கு அவ்வளவு காவல் போட்டவர் போனுக்கு ஏன் ஒன்றுமே போடவில்லை? அறியாமை என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியபோது, அது அறியாமை இல்லை என்று தெரிந்தது.

கதவு

கடைக்குள் போக இரண்டு இரும்புக் கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் இரண்டாவது திறக்கும். அதுவும் கவுண்டரில் இருக்கும் பெண் ஆளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பு மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கும். வாசலில் நேப்பாளக் காவலாளி. உள்ளே எட்டு கேமரா. பின்னறையில் தரையோடு சேர்த்து இறுக்கிய பெட்டகம். கடை அடைக்கும் நேரத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு தட்டையும் எடுத்து, எண்ணி, எடை போட்டு, பெட்டகத்துக்குள் வைப்பார்கள். நான்கு பேருக்கு தினமும் முக்கால் மணி நேர வேலை.

கதவு, பெட்டகம், கேமரா, அலாரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60,000 வெள்ளி ஆகியிருக்கிறது. காவலாளிக்கு மாதாமாதம் தனி. அண்ணன் சிக்கனமான மனிதர், குளிர்சாதனப் பெட்டியைக் கழுவிவிட்ட ரசீதைக்கூட இரண்டு தடவை பார்ப்பார். ஆனால் இந்தச் செலவுகளில் ஒன்றுக்குக்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

ஒரு காரணம் வெளிப்படை, தங்கம் அவருடையது. இன்னொரு காரணம் காப்புறுதி. நகைக்கடைக்கான காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நிறுவனத்திலிருந்து ஒரு சர்வேயர் வருவார். கதவைத் தள்ளிப் பார்ப்பார், பெட்டகத்தின் தரத்தைக் குறித்துக்கொள்வார், அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்ப்பார். குறை இருந்தால் தவணைக் கட்டணம் ஏறும், பெரிய குறை என்றால் காப்புறுதியே கிடைக்காது. பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது: கடை மூடியிருக்கும் நேரத்தில் பெட்டகத்துக்கு வெளியே இருக்கும் நகைக்கு இழப்பீடு கிடையாது. அந்த ஒரு வரிதான் தினமும் நான்கு பேரிடம் முக்கால் மணி நேர வேலை வாங்குகிறது. யாரும் வந்து உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கார்டு மெஷினும் அப்படித்தான். மலேசியாவில் கார்டுகளில் சிப் வந்தது 2005 வாக்கிலேயே. பிறகு கையெழுத்தை எடுத்துவிட்டு ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கொண்டுவந்தார்கள், 2017 ஜூலையிலிருந்து உள்ளூர் கார்டுக்குக் கையெழுத்து செல்லாது என்றானது. வங்கி புது மெஷினைக் கொடுத்தது, அண்ணன் மறுநாளே பழையதைத் திருப்பிக் கொடுத்தார். அமெரிக்காவில் இதே சிப் பல வருடம் இழுபறியில் கிடந்தது. மெஷின் வாங்க வேண்டியது கடைக்காரர், மோசடிக் கார்டால் வரும் நஷ்டம் பெரும்பாலும் வங்கிக்கு, அப்புறம் கடைக்காரர் ஏன் அவசரப்படப் போகிறார்? 2015 அக்டோபர் 1 முதல் விதியை மாற்றினார்கள். சிப் கார்டை சிப் படிக்காத மெஷினில் இழுத்து மோசடி நடந்தால், நஷ்டம் அந்த மெஷினை வைத்திருப்பவர் பக்கத்துக்கு. அதன் பிறகுதான் அங்கே கடைகள் மெஷின் மாற்ற ஓடின. தொழில்நுட்பம் முன்பே தயாராகத்தான் இருந்தது. நஷ்டம் யாருக்கு என்பதுதான் மாறியது.

போன்

இப்போது கவுண்டர் போனுக்கு வருகிறேன். சாதாரண ஆண்ட்ராய்டு போன், திரையில் ஒரு கீறல், கவுண்டரில் சார்ஜரோடு எப்போதும் கிடக்கும். நான்கு வேலைப்பிள்ளைகளும் அதை எடுத்துப் பேசுவார்கள். கடையின் ஆர்டர்களில் பாதிக்கு மேல் அதில்தான். தாலிக்கொடி மாதிரி கேட்டு அனுப்புவது, அன்றைய 916 (22 காரட் தங்கம்) விலை சொல்வது, முன்பணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து அனுப்புவது எல்லாமே.

அந்த எண்ணுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டு வைக்கலாம் என்பது அண்ணனுக்குத் தெரியாத விஷயமில்லை. கோலாலம்பூரில் படிக்கும் அவருடைய அக்கா மகன் ஒரு பள்ளி விடுமுறையில் வந்து போட்டும் கொடுத்திருக்கிறான். ஆறு இலக்க ரகசிய எண், அண்ணனுக்கு மட்டும் தெரியும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணோடு இதையும் கொடுத்தால்தான் வேறொரு போனில் கடையின் வாட்ஸ்அப் திறக்கும். வாட்ஸ்அப் அந்த எண்ணை அவ்வப்போது நினைவூட்டலாகக் கேட்கும். ஒரு சனிக்கிழமை அப்படிக் கேட்டபோது அண்ணன் பட்டர்வொர்த்தில் ஒரு காதணி விழாவில் இருந்திருக்கிறார், கைபேசியை எடுக்கவில்லை. கடையில் பதினைந்து பேர் நிற்கிறார்கள், வாட்ஸ்அப் திறக்கவில்லை. அன்று இரவே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்புக்குக் காசு செலவில்லை என்று சொல்வது எளிது. அந்தப் பூட்டின் விலை காசில் இல்லை, சனிக்கிழமை மதியத்தில் இருந்தது. விலையைக் கொடுத்தது கடை. பலன் யாருக்கு? போன் கைமாறினால் பணத்தை இழக்கப்போகிற வாடிக்கையாளருக்கு. அண்ணனுடைய கணக்கில் வரவுப் பக்கம் ஒன்றுமே இல்லை, செலவுப் பக்கம் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டன், மார்ட்டின் லோப் என்ற இரண்டு கணக்கியல் பேராசிரியர்கள் 2002ல் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். ஒரு நிறுவனம் தன் தகவலைப் பாதுகாக்கச் செலவிடுவது, எதிர்பார்க்கும் நஷ்டத்தில் ஏறக்குறைய 37 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்பது அதன் சாரம். பாதுகாப்புக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அண்ணன் கடைக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். கொள்ளை நடந்தால் அவருக்கு வரும் நஷ்டம் லட்சக்கணக்கில், அதனால் 60,000 வெள்ளி செலவு முழுக்க நியாயம். போன் கைமாறினால் அவருக்கு வரும் நஷ்டம், அவர் பார்வையில், பூஜ்யம். பூஜ்யத்தில் 37 சதவீதம் பூஜ்யம்தானே. கணக்கில் பிழையே இல்லை. அதில் வாடிக்கையாளரின் பணப்பை சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாள்

காலை பத்து மணி வாக்கில் கடைக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் எண்ணிலிருந்து செய்தி வந்தது. "என்னோட கோட் தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்க." அந்த எண் முன்பே கைப்பற்றப்பட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அப்போதே குறுஞ்செய்தியில் வந்திருந்த ஆறு இலக்க எண்ணை அனுப்பிவிட்டாள். அது கடையின் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பதற்கான எண். சில நிமிடங்களில் கவுண்டர் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிட்டது. இணையம் சரியில்லை என்று நினைத்துப் போனை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

இப்படிக் கைப்பற்றுகிறவனுக்குப் பழைய உரையாடல்கள் தெரியாது, அவை போனிலேயே தங்கிவிடும். ஆனால் தீபாவளி நேரத்தில் அவனுக்கு அது தேவைப்படவில்லை. "அண்ணே, வளையல் ரெடியா?", "மீதி எவ்வளவு கட்டணும்?" என்று வாடிக்கையாளர்களே வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பதில் சொன்னால் போதும். ரெடி, பழைய கணக்கில் ஏதோ பிரச்சினை, இந்தக் கணக்கில் போடுங்கள் என்று.

11.20க்கு ஒரு பெண் கடையின் தரைவழித் தொலைபேசிக்கு அழைத்து, கணக்கு எண் மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். "அப்படி ஒன்னும் இல்லையே அக்கா" என்று சொல்லிவிட்டு பிள்ளை அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குப் படவில்லை.

12.40க்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 3,200 வெள்ளி அனுப்பினார். 2.15க்கு ஒரு டாக்சி ஓட்டுநரின் மனைவி 4,900. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு, தை மாதக் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்த குடும்பம் 6,500. அந்த 11.20 அழைப்பை யாராவது காதில் போட்டிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட நடந்திருக்காது. இந்த நிகழ்வில் என்னை இன்றும் உறுத்துவது ரகசிய எண் இல்லாததைவிட இந்த அழைப்புதான்.

நான்கு மணிக்கு மேல் விஷயம் புரிந்து, 997க்கு அழைத்தார்கள். அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். அதற்குள் பணம் கழுதைக் கணக்குகள் வழியாகக் கைமாறிப் போயிருந்தது. தன் வங்கிக் கணக்கைக் காசுக்காக அடுத்தவனுக்கு இரவல் கொடுப்பவரின் கணக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கலாமே என்று பின்னால் பலர் ஆசிரியையிடம் சொன்னார்கள். இருபது வருடமாக நகை வாங்கும் கடையிலிருந்து வந்த செய்தியை யார் அப்படிச் சோதிப்பார்கள்?

"என் காசு போகலயே தம்பி"

அன்று மாலை நான் கடைக்குப் போனபோது அண்ணன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல்லா சரியாக இருக்கிறதா, தட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாம் சரி என்ற நிம்மதியில் சொன்னார். எனக்கு மட்டும் இந்த ஆய்வு முழுவதும் அந்த வாக்கியத்திலேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் 2001ல் இதைப் பற்றித் தெளிவாக எழுதினார். ஏடிஎம்மில் நான் எடுக்காத பணம் போய்விட்டது என்று அமெரிக்க வாடிக்கையாளர் சொன்னால், அவர் சொல்வது தவறு என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் நெடுங்காலம் தலைகீழ், எங்கள் இயந்திரம் தப்பு செய்யாது, நீங்கள் நிரூபியுங்கள் என்று வங்கி சொல்லும். பிரிட்டிஷ் வங்கிகளுக்கு இது லாபமாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அவை பாதுகாப்புக்கு அமெரிக்க வங்கிகளைவிட அதிகம் செலவு செய்தன, இருந்தும் மோசடி பெருகியது. புகார் வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்று ஊழியர்களுக்குத் தெரிந்ததால் கவனம் தளர்ந்துவிட்டது.

அந்த 11.20 அழைப்பை இதோடு வைத்துப் பாருங்கள். தட்டு ஒன்று குறைந்தால் அந்தப் பிள்ளை ஓடிப்போய் முதலாளியிடம் சொல்லியிருப்பாள், அவளுடைய சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயமும் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் கணக்கு எண்ணைப் பற்றிக் கேட்டதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கும் ஒன்றுமில்லை, கடைக்கும் ஒன்றுமில்லை. நஷ்டம் வராத இடத்தில் காதும் மந்தமாகிவிடுகிறது.

அப்படியானால் வாடிக்கையாளர் ஏன் பாதுகாப்பான கடையைத் தேடிப் போவதில்லை என்று கேட்கலாம். நகைத் தொழிலுக்கே இந்தக் கேள்வி பழகியது. வெளியிலிருந்து பார்த்தால் 916ம் கலப்படமும் ஒரே மஞ்சள்தான். பொருளின் தரத்தை விற்பவருக்கு மட்டுமே தெரிந்தால், நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைக்காது, நாளடைவில் மட்டமானதே சந்தையில் மிஞ்சும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார்களை வைத்து விளக்கினார், 2001ல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். நம் ஆசாரிகள் அதற்கு முன்பே உரைகல் வைத்திருந்தார்கள், பிறகு 916 முத்திரை வந்தது. அதனால் கடைத்தெருவில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு தங்கம் வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பைப் பூட்டி வைத்திருக்கும் கடை எது, பூட்டாத கடை எது என்று உரசிப் பார்க்க அப்படி ஒரு கல் வாடிக்கையாளரிடம் இல்லை. பூட்டி வைத்தவருக்கு ஒரு ஆர்டர்கூட அதிகமாக வருவதில்லை. அப்புறம் அவர் ஏன் பூட்டுவார்?

சட்டம் அந்த இடத்தில்தான் வர வேண்டும். 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே வந்ததாகச் செய்தி வந்தது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது 3 கோடியே 20 லட்சம் அளவில்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருந்தது. தரவைக் காக்கத் தவறினால் உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளி. அதை அந்த எண்களால் வகுத்துப் பாருங்கள், ஓர் எண்ணுக்கு ஒரு காசுகூட வராது. பல நிறுவனங்களின் தரவு கலந்திருந்தது, சட்டப்படி இப்படி வகுக்கவும் மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பட்ஜெட் போட உட்காரும் ஒருவரின் மனதில் ஓடும் கணக்கு இதுதான். 2024ல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் அபராதம் 10 லட்சம் வெள்ளியாகவும் சிறை மூன்று ஆண்டாகவும் ஏறியது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது 2025 ஜூன் 1ல் நடப்புக்கு வந்த இன்னொரு விதி. பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். வெளியே சொல்லியே தீர வேண்டும் என்பது ஓரளவுக்கு உரைகல் மாதிரி.

வங்கிகள் பக்கமும் இதே கதைதான். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பர் 26ல் ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீட்டை (OTP) விட்டு விலகுவது, ஒரே ஒரு சாதனத்தில் மட்டும் ஒப்புதல் கொடுப்பது அவற்றில் சில. கணக்குக்குள் புகுந்து திருடுவதை அவை கடினமாக்கின. தானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்துக்கு, அந்த ஆசிரியையின் 3,200 வெள்ளிக்கு, அவை உதவவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், பாதி அனுப்பிய வங்கி, பாதி பெற்ற வங்கி. கழுதைக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கியும் பாதி கொடுக்க வேண்டும் என்றால் அடுத்த கணக்கைத் திறக்கும்போது எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பாதிப் பணம்

மறுநாள் கல்யாண வீட்டுக்காரர்கள் ஏழு பேராக வந்தார்கள். பெண்ணின் பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. "அவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்க நம்பர்லேர்ந்து வந்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்சது நீங்கதான்" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் வாசல்வரை போய்விட்டது. இரண்டு ஆர்டர் ரத்தானது, பெரியவை.

அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். முழுவதையும் கடை ஏற்க வேண்டும் என்று சொன்னேன், எண் கடையுடையது. அவர் பாதி என்றார். கடைசியில் மூன்று பேருக்கும் பாதி, 7,300 வெள்ளி. சிலருக்கு ரொக்கமாக, சிலருக்குச் செய்கூலியில் கழித்து. முழுவதும் கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்றும் என் கருத்து. ஆசிரியை மிச்சத்தைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை, கடைக்கும் வரவில்லை.

அந்த 7,300 வெள்ளியைப் பேரேட்டில் ஏற்றிய அன்று இரவு எட்டரைக்கு அண்ணன் அழைத்தார். "தம்பி, அந்த ரகசிய எண்ணு எப்படிப் போடுறது, சொல்லு." கைப்பற்றியவன் தானே ஒரு ரகசிய எண் போட்டுவிட்டதால் வாட்ஸ்அப் ஏழு நாள் காத்திருக்கச் சொல்லியிருந்தது. எட்டாம் நாள் காலையில் கடை திறக்கும் முன்பே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் நடந்தவை எனக்கே வியப்பாக இருந்தன. கவுண்டர் போனைத் தொடுவது இனி இரண்டு பேர் மட்டும். ரகசிய எண் ஒரு மூடிய உறையில் பெட்டகத்துக்குள், அவர் இல்லாதபோது மூத்த பிள்ளை எடுக்கலாம். ஆக, சனிக்கிழமைப் பிரச்சினைக்கும் தீர்வு இருந்திருக்கிறது, தேடத்தான் காரணம் இருக்கவில்லை. கடையின் வங்கிக் கணக்கு எண்ணை ரசீதிலேயே அச்சடித்து, கணக்கு எண் மாறினால் வாட்ஸ்அப்பில் சொல்ல மாட்டோம் என்று கீழே ஒரு வரி. கணக்கைப் பற்றி யார் கேட்டாலும் உடனே முதலாளியிடம் சொல்ல வேண்டும், முதலில் சொல்கிறவருக்குப் போனஸில் ஐம்பது வெள்ளி. இந்தக் கடைசி யோசனை அவருடையதே.

மாடியில் நான்கு அட்டைப்பெட்டிகளில் பழைய நகை விற்க வந்தவர்களின் அடையாள அட்டை நகல்கள் கிடந்தன. வரிக் கணக்குக்கு ஏழு வருடம் வைத்திருந்தால் போதும், அவற்றில் இருந்தவை அதற்கும் வெகு முந்தியவை. நாங்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிழித்தோம். காலஞ்சென்றவர்கள் பலரின் முகங்கள் அதில் இருந்தன, அண்ணன் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் விட்டார்.

இந்த வருடம் காப்புறுதியைப் புதுப்பிக்க சர்வேயர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தார், பெட்டகத்தின் எண்ணைக் குறித்தார், அலாரத்தை அடிக்கவிட்டார். கவுண்டர் போன் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அண்ணன்தான் தாமாகவே அதை எடுத்துக் காட்டி, பூட்டி வைத்திருக்கிறோம், இதற்குத் தவணையில் ஏதாவது குறையுமா என்று கேட்டார். சர்வேயர் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.